ஆளுக்கு ஒரு சிட்டிகை

இலுப்பைக் காட்டின் தானியமெல்லாம் ஒரே மரப்பொந்தில்தான் இருந்தது. அந்தப் பொந்துக்கு வரிக்கண்ணி என்ற அணில் காவல். மழைக்காலம் வந்துவிட்டால் சுற்றியுள்ள வயலெல்லாம் தண்ணீரில் மூழ்கிவிடும். வெளியே ஒரு மணி தானியம் கிடைக்காது. அப்போது காட்டில் உள்ள எல்லோருக்கும் அந்தப் பொந்துக் கம்புதான் சோறு.

அதனால் வரிக்கண்ணிக்குக் கொஞ்சம் மிதப்பு உண்டு. இருக்கத்தானே செய்யும்! ஊரே தன் கையை எதிர்பார்த்து நிற்கிறது என்றால் யாருக்குத்தான் வால் கொஞ்சம் தூக்காது?

தானியம் அவள் கைக்கு வருவதற்கு முன்னால் காடையின் கையில் இருக்கும். காடைதான் அறுவடை முடிந்த வயலில் சிந்திய கம்பைப் பொறுக்கி வந்து, களத்தில் உலர்த்திக் கொடுப்பார். அவள் கையை விட்டுப் போனால் முள்ளம்பன்றியிடம் போகும். முள்ளம்பன்றி அதைக் கல்லில் அரைத்து, தேன் விட்டுப் பிசைந்து, மாவுருண்டை பிடிப்பார். இவர்கள் எல்லோருக்கும் மேலே மயில் தலைவர். அவருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். தலைவராக இருப்பதுதான் அவருக்கு வேலை.

சென்ற ஆண்டு மழை விருந்தில் ஒரு சங்கடம் நடந்துவிட்டது. முதல் மழை விழுந்ததும் பொந்தைத் திறந்து, பாறை மேல் எல்லோரும் கூடி மாவுருண்டை தின்பது அந்தக் காட்டின் வழக்கம். மயில் தலைவர் தன் உருண்டையை இரண்டாக உடைத்தார். உள்ளேயிருந்து ஒரு கம்பு வண்டு, சாவகாசமாக மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே நடந்து வந்தது.

"வரிக்கண்ணி! இது மாவுருண்டையா, வண்டுருண்டையா?" என்று கேட்டார் தலைவர்.

பாறையே அதிரும்படி எல்லோரும் சிரித்தார்கள். காடை சிரித்தார். முள்ளம்பன்றி முட்களெல்லாம் கலகலவென்று உதறச் சிரித்தார். வரிக்கண்ணியின் சின்ன மகள் பொட்டுகூட, விஷயம் புரியாமல் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

வரிக்கண்ணி மட்டும் சிரிக்கவில்லை. பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்று நின்றாள்.

"அடுத்த வருஷமும் வண்டு வந்துச்சுன்னா, பொந்தை வேற யாரையாவது பார்த்துக்கச் சொல்ல வேண்டியதுதான்!" என்றார் தலைவர்.

உண்மையைச் சொன்னால், வண்டைத் தின்று செத்தவர் அந்தக் காட்டில் யாருமே இல்லை. எல்லோரும் வண்டோடு சேர்த்துத் தின்றுதான் வளர்ந்தவர்கள். வரிக்கண்ணியும் சும்மா இருப்பவள் இல்லை. நல்ல வெயில் அடிக்கும்போதெல்லாம் கம்பைப் பாறையில் பரப்பிக் காயவைப்பாள். சூடு தாங்காமல் வண்டுகள் நாலா பக்கமும் ஓடும். பொந்துக்குள் நொச்சித் தழையைப் பரப்பி, அதன்மேல் கம்பைக் கொட்டுவாள். பாதி வண்டு போகும். பாதி இருக்கும். இத்தனை காலமும் அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. ஆனால் ஊர் கூடிச் சிரித்துவிட்டதே! சிரித்த பிறகு பாதி வண்டு போனது யார் கண்ணுக்குத் தெரியும்?

இந்த ஆண்டு அறுவடை முடிந்தது. காடை கம்பைக் கொண்டுவந்து பொந்து வாசலில் கொட்டினார். வரிக்கண்ணி ஒரு பிடி எடுத்து முகர்ந்து பார்த்தாள். மூக்கு சுருங்கியது.

"என்ன அண்ணே, ஒரு மாதிரி காட்டமா வாடை அடிக்குது?"

"புது மண்ணு வாடைம்மா! இந்த வருஷம் களம் மெழுகினோம்ல!" என்றார் காடை, வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

வரிக்கண்ணி அதற்கு மேல் கேட்கவில்லை. அவள் மனம் வேறு நினைப்பில் இருந்தது. அன்று காலையில்தான் காகம் அவளைத் தேடி வந்திருந்தது. காகம் மனிதர்களின் தானியக் கிடங்குப் பக்கம் பழகிய பறவை. அலகில் ஒரு சின்னப் பொட்டலத்தைக் கவ்வி வந்து அவள் முன்னால் போட்டது.

"வண்டு மருந்து! மனுசங்க மூட்டை மூட்டையா அடுக்கி வச்சிருக்காங்களே, அதுல ஒரு வண்டு உண்டா? எல்லாம் இந்தப் பொடியோட மகிமை! ஒரே ஒரு சிட்டிகை போடு. அப்புறம் பாரு!"

"தின்னா ஒண்ணும் செய்யாதா?"

"போட்டுட்டு ரொம்ப நாள் ஆறப் போடணும்னு பேசிக்கிட்டாங்க."

"எவ்வளவு நாள்?"

"அதைச் சொல்றதுக்குள்ள ஒருத்தன் கல்லை எடுத்துட்டான்! நான் பறந்து வந்துட்டேன்!"

பாதி சேதியோடு வந்த மருந்து அது. மீதி சேதியைக் கேட்டு வா என்று அவள் காகத்தைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. பொட்டலத்துக்குப் பதிலாக, காடை முதல் நடையில் கொண்டுவந்திருந்த புதுக் கம்பில் இரண்டு பிடி காகத்துக்குக் கொடுத்தாள். காகம் அந்தக் கம்பைக் கொத்திப் பார்த்தது. தலையைச் சாய்த்து ஒரு நொடி நின்றது. பிறகு "எனக்கு இப்ப பசியில்ல" என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

வரிக்கண்ணி முதலில் ஒரு காரியம் செய்தாள். காடை கொண்டுவந்த கம்பைத் தொடாமல், போன ஆண்டு மிச்சத்தில் வண்டு அரிக்காத மணிகளாகப் பொறுக்கினாள். மேல் கிளையில் உள்ள சின்னப் பொந்தில் நொச்சித் தழையைப் பரப்பி அவற்றைக் கொட்டி மூடினாள். அது பொட்டுவுக்கு. பிறகு கீழே இறங்கி வந்து, ஊர்ப் பொந்தில் மருந்தைப் போட்டாள்.

ஒரு சிட்டிகை என்று காகம் சொன்னது. யாருடைய சிட்டிகை என்று சொல்லவில்லை. வரிக்கண்ணி தன் கையால் ஒன்று போட்டாள். நல்லதுக்குத்தானே என்று அதன்மேல் இன்னும் கொஞ்சம் தூவினாள். பிறகு கையை இலையில் துடைத்தாள். அந்த இலையைத் தூரக் கொண்டுபோய்ப் போட்டாள். ஓடையில் மூன்று தடவை கை கழுவினாள். கழுவிக்கொண்டே இருக்கும்போது அவளுக்குள் ஏதோ ஒன்று கேட்டது. 'இவ்வளவு கழுவுகிறாயே, எதற்கு?'

பொட்டு நெற்றியில் கறுப்புப் புள்ளியோடு பிறந்தவள். அதனால்தான் அந்தப் பெயர். ஒரு நாள் மேல் பொந்துக் கம்பைக் கொறித்துக்கொண்டே அம்மாவைக் கேட்டாள்.

"அம்மா, நமக்கு மட்டும் ஏன் தனிப் பொந்து?"

"அது பழைய கம்பு. உன் வயித்துக்கு ஒத்துக்கும்."

"அப்ப புதுசு யார் வயித்துக்கும் ஒத்துக்காதா?"

"வாயை மூடிக்கிட்டுத் தின்னு!"

பொட்டு வாயை மூடிக்கொண்டு தின்றாள். அடுத்த கிளையில் புறா தன் இரண்டு குஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தாள். புறாவுக்கு மேல் பொந்தும் கிடையாது, கீழ் பொந்தும் கிடையாது. ஊர்ப் பொந்து எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருப்பவள் அவள்.

வெயில் காலம் போயிற்று. வரிக்கண்ணி இப்போதெல்லாம் கம்பை வெயிலில் பரப்புவதே இல்லை. தினமும் பொந்துக்குள் எட்டிப் பார்ப்பாள். செத்த வண்டுகள் குவியலாகக் கிடக்கும். அவற்றைக் கூட்டித் தள்ளும்போது அவளுக்கு ஆனந்தம் தாங்காது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடினாலும் உயிரோடு ஒரு வண்டு இல்லை!

மேகம் கறுத்தது. முதல் மழை கொட்டித் தீர்த்தது. வரிக்கண்ணி பொந்தைத் திறந்து, முள்ளம்பன்றியைக் கூப்பிட்டாள்.

"மாமா, வந்து பாருங்க! ஒரு வண்டு காட்டுங்க பார்ப்போம்!"

முள்ளம்பன்றி மூக்கை நுழைத்துப் பார்த்தார். "அடேயப்பா! பொன்னு மாதிரி இருக்கே! ஆனா மாவுல வண்டு வைக்குமே, அதையும் நாம யோசிக்கணும்ல?" என்றார்.

"அதை நீங்க பார்த்துக்குவீங்க மாமா."

"நான் பார்த்துக்கறேன், நான் பார்த்துக்கறேன்!" என்று சொல்லிக்கொண்டே கம்பை அள்ளிப் போனார். எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று அவளும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பாறை மேல் விருந்து கூடியது. முள்ளம்பன்றி தேன் மணக்க மணக்க உருண்டைகளை அடுக்கியிருந்தார். மயில் தலைவர் தோகையை விரித்து நின்றார். வழக்கப்படி முதல் பிடி மாவு எறும்புகளுக்கு. தலைவர் ஒரு பிடி மாவை எடுத்துப் புற்று வாசலில் தூவினார்.

எறும்புகள் வரிசையாக வந்தன. முன்னால் வந்த எறும்பு மாவைத் தொட்டது. தொட்டதும் பின்வாங்கியது. அடுத்த எறும்போடு முகத்தோடு முகம் வைத்து ஏதோ சொன்னது. வரிசை அப்படியே திரும்பிப் புற்றுக்குள் போய்விட்டது.

இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

"எறும்பே வேணாம்னு போயிருச்சு. நாம எப்படிங்க..." என்று புறா மெல்ல ஆரம்பித்தாள்.

மயில் தலைவர் ஒரு நொடி விழித்தார். ஆனால் தலைவர் என்றால் விழித்துக்கொண்டே நிற்க முடியுமா? "பார்த்தீங்களா!" என்று கூவினார். "வண்டுக்கும் இடமில்ல, எறும்புக்கும் இடமில்ல! நம்ம தானியம் நமக்கு மட்டும்தான்! வரிக்கண்ணி, உன்னை மாதிரி ஒரு காவல் இந்தக் காட்டுக்குக் கிடைச்சதே இல்ல!"

எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். போன ஆண்டு சிரித்த அதே வாய்கள்தான். வரிக்கண்ணியின் நெஞ்சு விம்மியது. இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் அவள் ஒரு வருடமாகக் காத்திருந்தாள்.

"அப்புறம் என்ன? காவக்காரி தன் பிள்ளைக்கு முதல் உருண்டையை ஊட்டட்டும்!" என்றார் தலைவர்.

அதுவும் வழக்கம்தான். பொந்தைக் காத்தவள் தன் பிள்ளைக்கு ஊட்டிய பிறகே மற்றவர்கள் தின்பார்கள். வரிக்கண்ணிக்கு அது தெரியாததல்ல. ஆனால் வண்டையே நினைத்து நினைத்து, இந்த வழக்கத்தை நினைக்க மறந்திருந்தாள்.

முள்ளம்பன்றி ஒரு உருண்டையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தார். பொட்டு துள்ளிக்கொண்டு வந்து வாயைத் திறந்தாள்.

'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் மருந்து. மருந்து என்றால் இப்போது கிடைத்த பெயர் இப்போதே போய்விடும். வரிக்கண்ணி பாறையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாக் கண்களும் அவள் மேல் இருந்தன. மனதுக்குள் கணக்குப் போட்டாள். இவ்வளவு பெரிய பொந்து. அதில் ஒரு சிட்டிகை. அதுவும் அறுவடைக் காலத்தில் போட்டது. இந்த ஒரு உருண்டையில் என்ன இருந்துவிடப் போகிறது? ஒன்றும் இருக்காது. ஒன்றும் ஆகாது.

"சீக்கிரம் ஊட்டும்மா! தேன் வாசம் வருது!" என்றாள் பொட்டு.

வரிக்கண்ணி உருண்டையைப் பிட்டாள். தன் மகள் வாயில் வைத்தாள்.

ஒரு தாய் செய்யக்கூடாத காரியம் அது. அவள் அறியாமல் செய்யவில்லை. பாதி அறிந்தே செய்தாள். அதை எப்படித்தான் மன்னிப்பது?

பொட்டு சப்புக்கொட்டித் தின்றாள். இன்னொன்று கேட்டாள். உடனே மற்றப் பிள்ளைகளும் பாய்ந்து வந்தன. புறாவின் குஞ்சுகள் ஆளுக்கொரு துண்டைக் கவ்வின. முயல் குட்டிகள் முண்டியடித்தன. மயில் தலைவர் மட்டும் இன்னும் தின்னவில்லை. அவருக்குப் பேச வேண்டியது நிறைய இருந்தது.

அப்போது வரிக்கண்ணி ஒன்றைக் கவனித்தாள். காடை தன் குஞ்சுகளை இறக்கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குஞ்சுகள் வெளியே தலையை நீட்டின. அவர் உள்ளே தள்ளினார்.

"என்ன காடையாரே, பிள்ளைங்களை விடலையா?" என்று ஒரு முயல் கேட்டது.

"காலையிலேருந்து வயிறு சரியில்ல அதுகளுக்கு!"

வரிக்கண்ணி திரும்பி முள்ளம்பன்றியைப் பார்த்தாள். அத்தனை உருண்டை பிடித்தவர் ஒரு விரலைக்கூட நக்கவில்லை. அவர் பிள்ளைகள் பாறைப் பக்கமே வரவில்லை. "எங்க வீட்ல இன்னைக்கு விரதம்" என்று அவர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்.

வரிக்கண்ணி காடையிடம் ஓடினாள்.

"அண்ணே! நீங்களுமா?"

"கத்தாத!" என்று காடை அலகை இறுக்கிக்கொண்டு சொன்னார். "களத்துல வண்டு வச்சிரக்கூடாதேன்னு ஒரே ஒரு சிட்டிகை! நீதான் போட மாட்டியேன்னு நினைச்சேன்!"

"மாமா! நீங்க?"

முள்ளம்பன்றியின் முட்கள் சிலிர்த்தன. "மாவுல ஒரே ஒரு சிட்டிகைம்மா! கம்புல யாரும் போட்டிருப்பாங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வரிக்கண்ணி பாய்ந்து வந்து பொட்டுவின் கையில் இருந்ததைத் தட்டிவிட்டாள். "துப்பு! துப்புடி! எல்லாரும் துப்புங்க!" என்று அலறினாள்.

"ஏம்மா? நல்லாத்தானே இருக்கு!" என்றாள் பொட்டு. சொல்லும்போதே அவள் வாயோரம் நுரை வழிந்தது. கை கால் வெடவெடவென்று நடுங்கின. "அம்மா, மரம் ரெண்டா தெரியுது" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

வரிக்கண்ணி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு ஓடினாள். வாயைக் கழுவினாள். வயிற்றை அமுக்கினாள். முதுகைத் தட்டினாள். மருந்து போட்ட கையை அன்று மூன்று தடவை கழுவியவளுக்கு, இன்று மகளை எத்தனை தடவை கழுவியும் பயனில்லை. மறுபடி மழை பிடிப்பதற்கு முன்னால் பொட்டு அடங்கிவிட்டாள். புறாவின் குஞ்சுகளில் மூத்தது அவளுக்கு முன்பே போய்விட்டது. முயல் குட்டிகள் துவண்டு கிடந்து, மெல்ல மெல்லப் பிழைத்தன.

மயில் தலைவர் கூட்டம் கூட்டினார். தோகையைச் சுருட்டி வைத்திருந்தார். துக்கத்துக்கு அதுதான் முறை.

"எதனால இப்படி ஆச்சு?" என்று கேட்டார்.

"தேன்தான்!" என்றார் காடை சட்டென்று. "தேனீ எந்தப் பூவுல உட்கார்ந்துச்சோ, யார் கண்டா?"

"ஆமா ஆமா, தேன் ஒரு மாதிரி கசந்துச்சு!" என்றார் விரதம் இருந்த முள்ளம்பன்றி.

தேனீக்கள் கூட்டத்துக்கு வரவில்லை. வராதவர்கள் மேல் பழி போடுவது எப்போதும் சுலபம். இனிமேல் தேன் கூடாது, கம்பை வெறுமனே தின்னலாம் என்று தீர்ப்பாயிற்று. வரிக்கண்ணி அந்தக் கூட்டத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மழை விடவில்லை. வயலெல்லாம் வெள்ளம். எல்லோருக்கும் பசி. ஊர்ப் பொந்தைத் தொடப் பயந்தார்கள். தேன்தான் காரணம் என்று தீர்ப்புச் சொன்னவர்களும் தொடவில்லை. காடை வீட்டிலும் முள்ளம்பன்றி வீட்டிலும் மட்டும் பிள்ளைகள் அழவில்லை. ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை.

அடுத்த கிளையில் புறாவின் மிஞ்சிய குஞ்சு அழுதது. முதலில் சத்தமாக அழுதது. பிறகு சத்தம் குறைந்தது. குறைந்த சத்தம்தான் வரிக்கண்ணியை எழுப்பியது. அவள் மேல் கிளைக்கு ஏறினாள். சின்னப் பொந்தைத் திறந்தாள். நொச்சி வாசம் வந்தது. பொட்டு கொறித்துவிட்டுப் போன மிச்சம் அப்படியே இருந்தது. நாலைந்து வண்டுகள் அதில் உல்லாசமாக ஊர்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பார்த்ததும்தான் வரிக்கண்ணி வாய்விட்டு அழுதாள்.

அத்தனையையும் ஒரு இலையில் அள்ளிக்கொண்டு புறாவிடம் போனாள்.

"குடு. உன் குஞ்சுக்குக் குடு. இது நல்ல கம்பு."

புறா ஒரு மணியை முதலில் தானே தின்று பார்த்தாள். பிறகு குஞ்சுக்கு ஊட்டினாள். குஞ்சு விழுங்கியது. வயிறு நிறைந்து கண்ணை மூடியது. அதற்குப் பிறகுதான் புறா தலையை நிமிர்த்தினாள்.

"அக்கா, இது யாருக்கு வச்சிருந்தது?"

"பொட்டுவுக்கு."

"எப்ப எடுத்து வச்சே?"

வரிக்கண்ணிக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. "மருந்து போடறதுக்கு முன்னால" என்றாள்.

புறா குஞ்சை இறக்கைக்குள் அணைத்துக்கொண்டாள். பிறகு, "அப்ப உனக்குத் தெரியும். உன் பிள்ளைக்குன்னு நல்லதை ஒதுக்கத் தெரிஞ்சிருக்கு. எங்க பிள்ளைங்க நினைப்பு மட்டும் வரலையா அக்கா?" என்றாள்.

வரிக்கண்ணி காலி இலையை மடித்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

செய்தி காட்டுத்தீயாகப் பரவியது. மறுபடியும் கூட்டம். இந்தத் தடவை வரிக்கண்ணி நடுவில் நின்றாள்.

"நான்தான் போட்டேன்," என்றாள். "நான் மட்டும் இல்ல. காடை அண்ணன் களத்துல போட்டாரு. முள்ளம்பன்றி மாமா மாவுல போட்டாரு. அவங்க வீட்டுலயும் தனியா நல்ல கம்பு இருக்கு. போய்ப் பாருங்க!"

"பிள்ளையைப் பறிகொடுத்தவ, பாவம், புத்தி தடுமாறிப் பேசுறா!" என்றார் காடை.

"நாங்களும் போட்டிருந்தா அந்தக் கம்பை இப்படிக் கொண்டாந்து நீட்டியிருப்போமே!" என்றார் முள்ளம்பன்றி. யோசித்துப் பாருங்கள், என்ன ஒரு நியாயம்! அவள் கொண்டுவந்து நீட்டினாள், அதனால் குற்றவாளி. அவர்கள் ஒளித்து வைத்தார்கள், அதனால் உத்தமர்கள்.

போய்ப் பார்க்க யாரும் கிளம்பவில்லை. மயில் தலைவருக்குக் காடையும் வேண்டும், முள்ளம்பன்றியும் வேண்டும். எறும்பு திரும்பிப் போனபோது தான் கூவிய கூவலை யாராவது ஞாபகப்படுத்திவிடப் போகிறார்களோ என்ற பயமும் இருந்தது. ஒரே ஒரு அணிலோடு காரியம் முடிந்தால் எவ்வளவு நல்லது!

"வரிக்கண்ணி இந்தக் காட்டை விட்டுப் போகட்டும்!" என்று தீர்ப்புச் சொன்னார்.

"பொந்துக் கம்பை என்ன செய்யறது தலைவரே? மழை முடியற வரைக்கும் பிள்ளைங்க என்னத்தைத் தின்னும்?" என்று கேட்டாள் புறா. கேட்க வேண்டியதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

தலைவர் கழுத்தை நீட்டி யோசித்தார். "அதுக்கும் வழி இருக்கு! ஓடைக்கு அந்தப் பக்கம் கருவேலங்காட்டுக்காரங்க இருக்காங்க. நம்ம கம்பை அவங்களுக்குக் குடுத்துட்டு, அவங்க கம்பை நாம வாங்கிக்கலாம்!"

"அவங்களுக்கும் பிள்ளைங்க இருக்கே!" என்றாள் வரிக்கண்ணி.

"உன்னைத்தான் வெளியே போகச் சொல்லியாச்சே. பேசாத!" என்றார் காடை.

வரிக்கண்ணி போனாள். பொட்டுவைப் புதைத்த இடத்தில் அன்று இரவெல்லாம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எல்லைப் பக்கம் நடந்தாள். ஓடையின் மேல் ஒரு மரம் விழுந்து பாலம் போலக் கிடந்தது. அதன் மேல் எதிரே காட்டுப்பன்றி ஒன்று முதுகில் சுமையோடு வந்தது. கருவேலங்காட்டிலிருந்து இலுப்பைக் காட்டுக்குப் போகும் கம்பு அது. பண்டமாற்று அதற்குள் முடிந்துவிட்டிருந்தது.

"வழி விடும்மா!" என்றது பன்றி.

வரிக்கண்ணி சுமைக்குள் எட்டிப் பார்த்தாள். கம்பு பளபளவென்று இருந்தது. கையை விட்டுத் துழாவினாள். ஒரு வண்டு இல்லை.

"பார்த்தியா? எங்க காட்டுக் கம்புல வண்டே இருக்காது!" என்றது பன்றி பெருமையாக.

"உங்க வீட்டுக்கும் இந்தக் கம்புதானா அண்ணே?"

பன்றி பார்வையைத் தாழ்த்திக்கொண்டது. "வீட்டுக்குத் தனியா வச்சிருக்கோம்" என்றது.

வரிக்கண்ணி வந்த வழியே திரும்பி ஓடினாள். எல்லை மரத்தின் உச்சியில் ஏறி நின்று, தொண்டை கிழியக் கத்தினாள். "தின்னாதீங்க! வண்டு இல்லாத கம்பு அது! புறா, உன் குஞ்சுக்குக் குடுக்காத!" கீழே, சுமைக்காக எல்லையில் காத்து நின்ற காடைக்கு அது நன்றாகவே கேட்டது. "பைத்தியம் கத்துது" என்று சொல்லிவிட்டு, பன்றியின் சுமையை இறக்கக் கை கொடுத்தார். புதுக் கம்பைப் பார்த்து எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அந்த ஆரவாரத்தில் வரிக்கண்ணியின் குரல் அமுங்கிப்போயிற்று. நாள்கணக்காகப் பட்டினி கிடந்த புறா, தன் குஞ்சுக்காக முதல் ஆளாக அலகை நீட்டினாள்.

தன் பிள்ளைக்குக் கொடுக்கத் துணியாததை ஊரார் பிள்ளைகளுக்கு அளந்து போடுகிறவர்கள் நிறைந்த காட்டில், கடைசியில் எந்தப் பிள்ளைக்கும் நல்ல சோறு மிஞ்சாது.